கலங்கரை விளக்கமும் ஒலிபெருக்கியும்

மாமல்லபுரத்துப் பாறைக்குன்றின்மேல் நிற்பவர் கண்ணில் இரண்டு கட்டடங்கள் படும். ஒன்று, கலங்கரை விளக்கம். மற்றொன்று, அதனருகே மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே அமைந்த ஓலக்கண்ணேசுவரர் கோயில். இன்றைய விளக்கம் எழும்புவதற்கு முன்னர், பல்லவர் எழுப்பிய அக்கோயிலின் மேல்தளத்திலேயே கப்பல்களுக்கு விளக்கேற்றினர். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், தொண்டைமான் இளந்திரையனைப் போற்றும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையின் கலங்கரை விளக்கத்தைப் பாடியது. அத்துறை இக்கடற்கரையைச் சார்ந்ததே என்று அறிஞர் பலர் கருதுவர். ஆக, கரையிலிருப்பவர் அறிந்ததைக் கடலிலிருப்பவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் கடமை இம்மண்ணுக்குப் புதியதன்று. கருவி மட்டுமே காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அக்கருவி கணிப்பொறியாக மாறிய வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கே சென்றால், நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரியை அடையலாம். அங்கே 1998-ஆம் ஆண்டில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களில் கணிப்பொறி நிலையங்கள் அமைந்தன. தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்குச் செய்தியைக் கம்பியில்லா வானொலி கொண்டு சென்றது. மின்சாரம் தடைப்படும்போது கதிரவனின் ஆற்றல் கைகொடுத்தது. நிலையத்துக்கு இடம் தர வேண்டியது ஊராரின் பொறுப்பு. அவ்விடத்துக்குள் தலித் மக்கள் உள்ளிட்ட அனைவரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது அதனோடு இணைந்த நிபந்தனை. கருவி ஊருக்குள் நுழையுமுன்னரே, ‘இது யாருக்கு உரியது?’ என்னும் வினாவுக்கு ஊர் விடை சொல்ல வேண்டியிருந்தது.

நிலையங்களை நடத்தியோரில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர் பலர். அவர்கள் கணிப்பொறியைக் கற்றனர். கற்றதைப் பிறருக்கும் கற்பித்தனர். விளைபொருளின் விலை, கால்நடை நோய்க்கு மருந்து, அரசு உதவித் திட்டங்கள், மருத்துவமனை விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டித் தமிழில் தந்தனர். ‘நம்ம ஊர் செய்தி’ என்னும் இதழும் வெளிவந்தது.

அவ்வூர்களுள் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். விதை விலையால் அவ்வூராருக்கு ஆவதென்ன? நாளை கடல் எப்படியிருக்கும் என்பதே அவர்கள் அறிய விரும்பியது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில், வங்கக் கடலின் அலை உயரம் ஒருநாள் முன்னதாகவே கணித்து வெளியிடப்பட்டு வந்தது. அதை நாள்தோறும் எடுத்துத் தமிழாக்கி, கரையோரத்து ஒலிபெருக்கிகளில் அறிவித்தனர். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர் கணிப்பொறியைத் தொடவில்லை. அதன் முன் அமரவும் இல்லை. ஆயினும் அது தந்த அறிவு அவர் செவிக்கு எட்டியது. அந்நிய மொழியில் இருந்த எண்களுக்கும் அவருக்கும் நடுவே, தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு மனிதக் குரல் இருந்தது.

தமிழில் சொல்வதும் அந்நாளில் எளிதாக இருக்கவில்லை. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டியது, மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த வழி வகுத்தது. ‘தமிழ் 99’ விசைப்பலகை அதன் பயன். பின்னர் 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இத்தகைய உழைப்பு நம் முன்னோர் அறியாததன்று. முத்துக்குளித்துறை மக்களுக்காக என்றிக்கே என்றீக்கசு அடிகளார் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியபோதும், தமிழெழுத்துக்கு அச்சு வார்ப்பதே முதல் வேலையாக இருந்தது. பொறி எதுவாயினும், மக்களின் மொழியைக் கற்றுக்கொண்ட பின்னரே அது மக்களிடம் பேச முடிந்தது.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடித் தளம் பிளந்தது. உலகெங்கும் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் அதைச் சில நிமிடங்களில் அறிந்தன. பேரலை தமிழகக் கரையைத் தொட்டதோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த இரண்டரை மணி நேரமும் வீணாயிற்று. இந்தியப் பெருங்கடலுக்கென அன்று எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் பகுதிக்குள் கடல் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அணுவை ஆளும் அறிவு இக்கரையில் இருந்தது. அலை வருகிறது என்னும் செய்திதான் வந்து சேரவில்லை.

ஆனால் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு, அந்நிறுவனத்தின் அறிவு மையம் அமைந்திருந்த மீனவர் ஊர். முன்பு அம்மையத்தில் தொண்டாற்றிய இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அலையின் செய்தியை அங்கே அறிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். அங்கிருந்த ஏறத்தாழ 3,600 பேரும் உயிர் தப்பினர். அன்று அலை உயரம் சொல்லப் பழகியிருந்த ஒலிபெருக்கி. அதன் சொல்லை நம்பப் பழகியிருந்த மக்கள். எட்டாத் தொலைவிலும் ஊரை மறவாத ஓர் இளைஞர். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்ததாலேயே செய்தி உயிர் காத்தது.

அதன்பின் நாடு விழித்துக்கொண்டது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. கடலடியில் வைத்த அழுத்தமானிகள் நீர்மட்டத்தின் சிறு மாற்றத்தையும் உணர்ந்து, செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கின்றன. பலவகை நிலநடுக்கங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த மாதிரிகளோடு கணிப்பொறிகள் அதை ஒப்பிடுகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, எச்சரிக்கை வந்தது. நம் கரை மக்கள் மேட்டை நாடினர். பேரலை எழவில்லை, என்றாலும் செய்தி முந்திக்கொண்டது.

எனினும் கதை அத்தோடு முடியவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் வெளியான அறிவிப்பு அவர்களை எட்ட வழியில்லாமற் போயிற்று. கணிப்பொறியும் செயற்கைக்கோளும் இருந்தன. கடைசிக் கண்ணி இல்லை. அவ்விழப்புக்குப் பின், 2019-இல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் படகிலேயே பெறும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. அது செய்தியைப் பெறும், திருப்பி அனுப்பாது. பின்னர், மீனவர் மறுமொழி அனுப்பவும் உதவும் டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளில் பொருத்தப்படலாயின. கேட்க மட்டுமன்றிப் பேசவும் வழி பிறந்தது.

இன்று நம் வீடுகளில் பள்ளிப் பிள்ளையின் கையிலிருக்கும் கைப்பேசி, 1998-இல் அச்சிற்றூர்களில் வைத்த கணிப்பொறியைவிட ஆற்றல் மிக்கது. செங்கற்பட்டிலிருந்து கோவளம் வரை, பாடம் படிப்பதும் உறவினரோடு பேசுவதும் மருத்துவரைக் கேட்பதும் அதன் வழியே நடக்கின்றன. இது நன்மையே. ஆயினும் ஊரே கேட்க முழங்கிய ஒலிபெருக்கி இருந்த இடத்தில், இன்று ஆளுக்கொரு திரை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் செய்தி தனித்தனியே வருகிறது. வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் கைப்பேசி வாங்க இயலாத ஏழைக்கும் அது வருவதில்லை.

ஆகவே அன்பு வாசகரே, கருவி வாங்குவதோடு நம் கடமை நிறைவுறாது. புயல் எச்சரிக்கை உம் கைப்பேசியில் ஒளிரும்போது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வீரா? உம் பிள்ளை கற்ற கணிப்பொறிப் பாடத்தைத் தெருவின் மற்றப் பிள்ளைக்குக் கற்பிக்கச் சொல்வீரா? ஓலக்கண்ணேசுவரர் கோயில் மேல்தளத்தில் விளக்கேற்றியவர் தமக்காக ஏற்றவில்லை. கடலில் யார் வருகிறார் என்பதும் அவருக்குத் தெரியாது. இருட்டில் யாரோ இருக்கக்கூடும் என்று எண்ணினார். நாள்தோறும் தவறாமல் ஏற்றினார். அந்த எண்ணம் நமக்கும் வேண்டும்.