நடுத்தூர ஓட்டத்தில் வேகப் பங்கீடு

தடகளத்தில் நடுத்தூர ஓட்டம் என்பது முதன்மையாக 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டு போட்டிகளைக் குறிக்கும். தன் வேகத்தையும் தாக்குப்பிடிக்கும் வலுவையும் தூரம் முழுவதற்கும் ஒருவர் எப்படிப் பிரித்து வைத்து ஓடுகிறார் என்பதே வேகப் பங்கீடு. அது வெளியே தெரிவது இடைநேரங்களில்தான். மைதானத்தில் பயிற்சியாளர்கள் இதை ‘ஸ்பிளிட்’ என்பார்கள். முதல் சுற்றைவிட இரண்டாம் சுற்று மெதுவாக முடிந்தால் ‘பாசிட்டிவ் ஸ்பிளிட்’, வேகமாக முடிந்தால் ‘நெகட்டிவ் ஸ்பிளிட்’. 100 மீட்டரில் பங்கிட எதுவுமில்லை. மாரத்தானில் தவறைத் திருத்திக்கொள்ள நேரமிருக்கிறது. 800 மீட்டரிலோ தவறு தெரியவரும்போது சுற்று முடிந்திருக்கும்.

தடத்தின் அளவும் நேரம் எடுக்கும் இடமும்

400 மீட்டர் தடத்தில் 800 மீட்டர் சரியாக இரண்டு சுற்று. எனவே முடிவுக்கோட்டில் நிற்பவருக்கு 400 மீட்டர் நேரம் நேராகவே கிடைத்துவிடும். 1500 மீட்டர் மூன்றே முக்கால் சுற்று. முடிவுக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளருக்கு 300, 700, 1100 மீட்டர் நேரங்கள்தான் கிடைக்கும். கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பது 1100 மீட்டரில். 400, 800, 1200 வேண்டுமென்றால் ஓட்டம் தொடங்கிய இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். மாணவர் போட்டிகளில் குறித்துவைத்த இடைநேரங்கள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

800 மீட்டரில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்தில்தான் ஓட வேண்டும். அதன்பிறகே உள்தடத்துக்கு வரலாம். 1986 சியோல் ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் ஷைனி ஆபிரகாம் தகுதிநீக்கம் செய்யப்பட்டது இந்தத் தடம் மாறும் பிழைக்காகத்தான். உள்தடத்துக்கு வந்த பிறகும் கணக்கு தீராது. முதல் தடத்தின் அளவுக்கோட்டுக்கும் இரண்டாம் தடத்தின் அளவுக்கோட்டுக்கும் இடைவெளி 1.12 மீட்டர். ஒரு முழுச் சுற்றை இரண்டாம் தடத்தில் ஓடினால் ஏறக்குறைய 7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும்; உயர்நிலைப் போட்டியில் அது ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டத்துக்கு வெளிப்புறமாக ஓடி நான்காவதாக வந்தவர் சில நேரம் மூன்றாவதாக வந்தவரைவிடக் கடுமையாக ஓடியிருப்பார். இடைநேரத்தில் அது தெரியாது.

சென்னையை ஒட்டிய சிறுசேரி சிப்காட் சாலைகளிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் விடியற்காலையில் ஓடுபவர்களின் கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று காட்டுகிறது. தடத்தில் அதை நம்பக் கூடாது. வளைவுகளில் செயற்கைக்கோள் கணிப்பு தடுமாறும். அரை விநாடியைத் தேடும் இடத்தில் அந்தப் பிழை பெரிது. அங்கே ஸ்டாப்வாட்சும் 200 மீட்டர் குறியும் போதும்.

உடலின் பங்கு

800 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவும் மீதி ஆக்சிஜன் இல்லாமலும் கிடைக்கிறது. 1500 மீட்டரில் ஆக்சிஜன் வழி ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டுகிறது. ஆக்சிஜன் உட்கொள்ளும் அளவு உச்சத்துக்கு ஏற நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் விரைவாக ஓடினால் அந்த ஏற்றம் துரிதப்படும். அதனால்தான் 800 மீட்டரில் சற்று வேகமான முதல் சுற்று லாபம் தருகிறது. ஆண்கள் உலக சாதனைகளில் பெரும்பாலானவை முதல் சுற்று சுமார் இரண்டு விநாடி வேகமாக அமைந்தவை. அளவு மீறினால் தசையில் அமிலத்தன்மை ஏறி, கடைசி 150 மீட்டரில் கால் தூக்கவே வராது.

2012 லண்டன் ஒலிம்பிக் 800 மீட்டரில் டேவிட் ருடிஷா 1:40.91-ல் உலக சாதனை படைத்தபோது, 200 மீட்டர் வாரியாக அவர் நேரங்கள் ஏறக்குறைய 23.4, 25.9, 25.0, 26.6. ஒலிம்பிக்கில் வேகம் பிடித்துக்கொடுக்கும் பேஸ்மேக்கர் கிடையாது. அவரே முன்னால் ஓடினார். இதற்கு நேர்மாறு 1972 மியூனிக்கில் டேவ் வாட்டில். தொடக்கத்தில் கடைசியில் கிடந்தவர் ஏறக்குறைய 26.4, 26.9, 26.4, 26.2 என ஓடி, 1:45.86-ல் 0.03 விநாடியில் தங்கம் வென்றார். பார்த்தவர்கள் அவர் கடைசியில் பாய்ந்தார் என்றார்கள். எண்களின்படி அவர் வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை, மற்றவர்கள்தான் தளர்ந்தார்கள்.

மாண்ட்ரியல், 1976

இந்தியத் தடகளத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட இடைநேரம் 50.85. ராஜஸ்தானைச் சேர்ந்த ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங், இலியாஸ் பாபரிடம் பயின்றவர், 1976 ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றை முன்னணியில் ஓடி முடித்த நேரம் அது. ஒட்டிப் பின்னால் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா, சுமார் 50.9. இரண்டாம் சுற்றை ஹுவான்டொரேனா 52.6-ல் ஓடி 1:43.50 என உலக சாதனை படைத்தார். ஸ்ரீராமின் இரண்டாம் சுற்று 54.92, மொத்தம் 1:45.77, ஏழாம் இடம். முதல் சுற்றில் ஸ்ரீராம் கொடுத்த வேகமே சாதனைக்கு உதவியது என்று ஹுவான்டொரேனாவே பிறகு சொன்னார்.

அடுத்தவருக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் தோற்றவர் என்று இந்த ஓட்டத்தைச் சொல்வது வழக்கம். முடிவுப் பட்டியலைப் பார்த்தால் கதை அவ்வளவு எளிதல்ல. மூன்றாம் இடத்து ரிக் வோல்ஹுட்டர் 1:44.12. ஸ்ரீராம் எப்படிப் பங்கிட்டிருந்தாலும் அது எட்டக்கூடியதாக இல்லை. நான்காம் இடம் 1:45.26, ஐந்தாமிடத்து ஸ்டீவ் ஓவெட் 1:45.44, ஆறாமிடம் 1:45.75. முதல் சுற்றை 51.5 அளவில் ஓடியிருந்தால் நான்காம் இடம் கைகூடியிருக்கலாம். அவர் இழந்தது அதிகபட்சம் மூன்று இடங்கள். பெற்றதோ 42 ஆண்டுகள் நிலைத்த தேசிய சாதனை. 2018 ஜூனில் குவாஹாட்டியில் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடும்வரை அதை யாரும் தொடவில்லை. நான்கு விநாடி தளர்வு மோசமான பங்கீடுதான். ஆனால் அதே ஸ்ரீராம் 1974, 1978 ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றவர். நிதானமாக ஓடத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

பதக்கமா, நேரமா

சாம்பியன்ஷிப் ஓட்டத்தில் இடமே முக்கியம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் கடைசி நேர்ப்பாதைக்கு வரும்போது மன்ஜித் சிங் முன்னணியில் இல்லை. அங்கிருந்து ‘கிக்’ எனப்படும் இறுதிப் பாய்ச்சலால் 1:46.15-ல் தங்கம் வென்றார். அப்போதைய தேசிய சாதனையாளர் ஜின்சன் 1:46.35-ல் வெள்ளி. சில நாள் கழித்து 1500 மீட்டரில் ஜின்சன் தங்கம் பெற்றது 3:44.72-ல், அதாவது 400 மீட்டருக்குச் சராசரி 59.9 விநாடி. அடுத்த ஆண்டு பெர்லினில் அவரே 3:35.24 ஓடினார், சராசரி 57.4. மெதுவான ஓட்டம் தங்கம் தந்தது, வேகமான ஓட்டம் தேசிய சாதனை தந்தது. 2016 ரியோவில் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00-ல் ஒலிம்பிக் 1500 மீட்டர் தங்கம் வென்றதும் இந்த வகைதான். கடைசிச் சுற்று 51 விநாடிக்குள்.

எதிர்ப்பக்கத்தில் டின்டு லூக்கா. பி.டி. உஷாவின் மாணவியான இவர் முன்னால் ஓடியே பழகியவர். 2010 டெல்லி காமன்வெல்த் இறுதியில் முன்னணியில் ஓடி ஆறாவதாக முடித்தார். அதே ஆண்டு குவாங்ஜௌ ஆசியப் போட்டியில் கடைசி மீட்டர்களில் வெண்கலத்துக்கு இறங்கினார். அந்த ஆண்டின் 1:59.17 தேசிய சாதனையும் அதே பாணியில் வந்ததே. ஒருவருடைய பலத்தையும் பலவீனத்தையும் பிரித்தெடுக்க முடியாததற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தியத் தடகளத்தில் இல்லை.

சென்னையும் தமிழ்நாடும்

டின்டு முறியடித்த சாதனை சென்னையில் பிறந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், அன்றைய மெட்ராஸில், ஷைனி வில்சன் (முன்பு ஆபிரகாம்) 1:59.85 ஓடி, 800 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் முடித்த முதல் இந்தியப் பெண்ணானார். இரண்டு நிமிடம் என்பது 59-ம் 61-ம் என்று பயிற்சியாளர்கள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். 60, 60 என்று ஓடுபவர் அரிது.

ஆண்களில் தேவகோட்டையில் பிறந்த சார்லஸ் பொரோமியோ 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 1:46.81-ல் தங்கம் வென்றார். 36 ஆண்டு கழித்து மன்ஜித் வரும்வரை ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் வேறு இந்திய ஆண் தங்கம் பெறவில்லை. மலேசியத் தமிழரான பி. ராஜ்குமார் 1985-ல் ஜகார்த்தாவில் 1:47.37 ஓடி ஆசிய சாம்பியனானார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் 2:03.16-ல், மூன்றாவதாக வந்தவரை 0.03 விநாடி வித்தியாசத்தில் முந்தி இரண்டாவதாக வந்தார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்த வெள்ளி பறிக்கப்பட்டது. அந்த 0.03 விநாடியை அவர் ஓடித்தான் பெற்றார் என்பதில் சந்தேகமில்லை.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்குகிறது. உடற்கல்வி ஆசிரியர்களாகப் போகிறவர்கள் படிக்கும் இடம். பள்ளி மைதானத்தில் ஒரு சிறுவனின் முதல் 200 மீட்டரை யாராவது குறித்துச் சொன்னால்தான் இரண்டாவது 200 மீட்டரை எப்படி ஓடுவது என்று அவனுக்குப் புரியும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் இவர்களே.

ஸ்ரீராமின் சாதனையை முறியடித்த ஜின்சனின் 1:45.65, 2025 மே மாதம் துபாயில் முகமது அஃப்சல் ஓடிய 1:45.61-ல் போனது. அடுத்த மாதமே போலந்தின் போஸ்னானில் அவர் 1:45-க்குள் ஓடிய முதல் இந்தியரானார்.