கூரைக் கணக்கும் கட்டுமானத்தின் எதிர்காலமும்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

வளரும் நாடொன்றின் கட்டுமானத் துறை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கணிக்கும் ஆய்வுகள் நெடுங்காலமாக ஒரே தடத்தில் நடந்துவருகின்றன. வருமானம் உயர உயரக் குடிசை ஓட்டு வீடாகும், ஓட்டு வீடு கான்கிரீட் வீடாகும். இந்த மாற்றம் முடியும்வரை சிமெண்டுத் தேவையும் வேலைவாய்ப்பும் ஏறும். முடிந்த பிறகே புதுக் கட்டுமானம் தணிந்து பழுதுபார்ப்பு மேலெழும். இக்கட்டுரை மறுப்பது இந்த வரிசையின் கடைசிப் படியை. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில் பழுதுபார்ப்பு கடைசியில் வரவிருக்கும் கட்டமன்று. புதுக் கட்டுமானத்தோடு தொடக்கத்திலிருந்தே அது உடன்நடக்கிறது. அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், கணிப்புகள் சான்றாகக் கொள்ளும் ஓர் அட்டவணை படிக்கப்பட்ட முறை என்பதே என் வாதம்.

அந்த அட்டவணை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிலிருந்து வருவது. தரை, சுவர், கூரை ஆகிய மூன்றுக்கும் பெரும்பான்மைப் பொருள் எது என்று அதில் கேட்கப்பட்டது. சுவர், கூரை இரண்டும் நிலையான பொருளால் ஆனால் வீடு நிலையானது. ஒன்று மட்டும் ஆனால் பாதி நிலையானது. இந்த வகைப்பாட்டில் கல்நார் தகட்டால் சுவரும் கூரையும் அமைத்த கொட்டகை நிலையான வீடாகிவிடும். தடித்த மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த வீடு பாதி நிலையானதாகவே நிற்கும். சாந்து வைக்காமல் அடுக்கிய கல்சுவரோ நிலையான பொருட்களின் பட்டியலுக்கே வெளியே. 2001 கேள்வித்தாளில் கல்சுவருக்கு ஒரே குறியீடுதான்; 2011இல் அது சாந்து வைத்தது, வைக்காதது என இரண்டாகப் பிரிந்தது. ஓட்டுக் கூரையும் கையால் செய்தது, எந்திரத்தில் செய்தது எனப் பிரிந்தது. ஆகவே இரண்டு கணக்கெடுப்புகளையும் அடுத்தடுத்து வைத்து வளர்ச்சிக்கோடு வரையும்போது, கல் மிகுந்த வட்டாரங்களிலாவது நிதானம் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘பெரும்பான்மைப் பொருள்’ என்ற விதியில் இருக்கிறது. தலைச்சோலை முதலான மலையூர்களில் வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. கையில் பணம் சேரும்போது முன்அறைக்குக் கான்கிரீட் தளம் விழுகிறது; பின்கட்டு ஓட்டோடு இருக்கிறது; அடுப்படிக்குத் தகடு. அட்டவணையில் இந்த வீட்டுக்கு ஒரே குறியீடு. கான்கிரீட் பரப்பு மற்றதை மிஞ்சும் நாளில் அது ஓட்டு வீடு என்ற நிலையிலிருந்து கான்கிரீட் வீடாகத் தாவிவிடும். அதற்கு முந்தைய பல ஆண்டு வேலை, அதாவது ஓடு மாற்றியது, சுவர் ஒட்டுப்போட்டது, கைமரம் தாங்கவைத்தது, எதுவும் பதிவாகாது. தாவலைத்தான் முந்தைய ஆய்வுகள் கட்டுமானம் என்று எண்ணின, நடையை விட்டுவிட்டன.

வீட்டின் நிலை நல்லது, குடியிருக்கத்தக்கது, சிதிலமானது என்று காட்டும் பத்தியும் அதே பட்டியலில் உண்டு. ஊர் அளவில் வெளியான தொகுப்பில் கூரைப் பொருளும் வீட்டின் நிலையும் தனித்தனி விழுக்காடுகளாகவே தரப்படுகின்றன. சிதிலமான வீடுகளில் எத்தனைக்குக் கான்கிரீட் கூரை என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. வீட்டின் நிலை குறித்த விடை பார்வையைப் பொறுத்து மாறுவது என்று சொல்லி அந்தப் பத்தியை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஐயம் நியாயமானதே. ஆயினும் தொழிலின் எதிர்காலம் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

மலையின் அமைப்பை நோக்கினால் காரணம் விளங்கும். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னகைட் பாறையால் ஆனது. 1900இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து விரிவாக எழுதிய அதே பாறை வகை. பாறை கெட்டி, அதன்மேல் கிடக்கும் சிதைந்த மண் அப்படியன்று. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஊறும் நீர் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே வழி தேடுகிறது. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமதளமாக்கித்தான் இங்கே வீடு கட்ட முடியும். ஆகவே வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது கூரையன்று. பின்னால் நிற்கும் தடுப்புச் சுவரும் அதன் அடியில் ஓடும் வடிகாலும். சாந்தில்லாமல் கருங்கல்லை அடுக்கி, இடுக்குகளில் சக்கைக்கல் திணித்து, மலைப்பக்கம் சற்றே சாய்த்து எழுப்பிய சுவர் நீரை இடுக்கு வழியே விட்டுவிடும். கான்கிரீட் சுவரில் நீர் வடியும் துளைகள் வைக்காவிட்டாலும், வைத்தவை மண்ணடைத்துப் போனாலும், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் முழுவதும் சுவர்மேல் விழும். சுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு வெடிக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் துளையைக் குத்தித் தூர்எடுக்கும் கொத்தனார் வேலைக்கோ, அந்தத் தடுப்புச் சுவருக்கோ அட்டவணையில் இடமில்லை. வீட்டின் சுவராக வந்தால் நிலையற்ற பட்டியலில் சேரும் சாந்தில்லாக் கல்லடுக்கு, வீட்டுக்குப் பின்னால் நின்று நிலையான வீட்டைக் காக்கிறது.

பழுது வேலை புது வேலையோடு உடன்நடப்பதைப் பொருள் வரும் வழியும் உறுதிசெய்கிறது. சிமெண்டும் கம்பியும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியில் ஏறவேண்டும். ஆற்றுமணல் அரிதாகி, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்குத் தொழில் மாறியபின் மணலும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. சாலை அடைபட்டால் புது வேலை நிற்கும். பழுது வேலை அன்றுதான் கூடும்.

இவ்வளவு வேலை இருந்தும் தொழிற்கணக்கில் தெரியாததற்குச் சட்டமும் துணைநின்றது. 1996ஆம் ஆண்டின் மத்தியக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பழுதுபார்ப்பையும் கட்டுமானம் என்றே வரையறுத்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த நிறுவனங்களையும், 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீடுகளையும் அது வெளியே விட்டது. ஒரு கொத்தனாரும் இரு சித்தாள்களும் சேர்ந்த குழு இந்த வலையில் விழ வழியே இருக்கவில்லை.

மலை ஒரு விதிவிலக்கு, சமவெளிக்கு இது பொருந்தாது என்ற மறுப்பு வரும். அதற்கு விடை சமவெளியிலேயே கிடைக்கிறது. 2024இல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயில் 1 லட்சம் வீடுகளை அறிவித்தது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. அதே ஆண்டு, 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சத்தைப் பழுதுபார்க்க ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. குடிசை மாற்றம் முடியவில்லை. அதற்குள் பழுதுபார்க்கவேண்டிய வீடு புது வீட்டைப்போல் இரண்டரை மடங்கு. வரிசைக் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. பழுது வேலையின் பணமதிப்பு சிறிது என்பது இன்னொரு மறுப்பு. பதிவாகாத வேலையின் மதிப்பு சிறிது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

குடிசையில் வாழ்வோர் கான்கிரீட் கூரை கேட்பது நியாயம். தீக்கும் ஒழுக்குக்கும் அஞ்சாமல் உறங்கும் உரிமையை எந்த ஆய்வும் எடைபோடக் கூடாது. நான் கேட்பது, அந்தக் கூரையை 20 ஆண்டு நிற்கவைக்கும் வேலையையும் தொழில் என்று எண்ணுங்கள் என்பதே. 2027 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலை வெளியிடும்போது கூரைப் பொருளையும் வீட்டின் நிலையையும் ஊர்தோறும் குறுக்கே வைத்துத் தரவேண்டும். மலை வட்டாரங்களில் வீட்டுத்தொகையின் ஒரு பகுதி தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் என்று தனியே ஒதுக்கப்படவேண்டும். கல்லடுக்கத் தெரிந்த கொத்தனாருக்கு, தளம் போடுபவருக்குக் கிடைக்கும் அதே தொழிற்சான்றும் கூலியும் கிடைக்கவேண்டும். இவற்றைச் செய்யாமல் சிமெண்டு மூட்டைகளை மட்டும் எண்ணி வரையும் கணிப்பு, இத்துறையில் வரவிருக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தவறவிடும். அந்த வேலையைச் செய்யப்போகிறவர்களையும் தவறவிடும்.