கடலில் ஒரு யானை

கடற்படை என்றதும் பீரங்கி தாங்கிய கப்பல்களே நம் நினைவிற்கு வருகின்றன. பழுதுற்று நடுக்கடலில் தத்தளிக்கும் கலத்தைக் கரைசேர்க்கும் இழுவைக் கப்பலை நாம் எண்ணுவதில்லை. அத்தகைய ஒன்றே 'மாதங்கா'. மாதங்கம் என்றால் யானை. கொல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில் 1884இல் தோன்றி, 1960இல் அரசுடைமையாகி, 1961இல் 'அஜய்' என்னும் ரோந்துக் கப்பலைக் கடற்படைக்கு அளித்த கார்டன் ரீச் தளமே இதனையும் கட்டியது. 1983இல் பணியேற்ற மாதங்கா, 20,000 டன் கப்பலை மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் இழுக்கவல்லதாய் அமைந்தது.

இழுவடம் விறைத்து நின்றால் பேரலையின் உதறலில் அறுந்துபோகும். ஆகவே அதனை நீளவிட்டு, நீருள் தொய்ந்திருக்கச் செய்வர். இத்தகைய கப்பலின் பெருமை, மூழ்கடித்த பகைக்கலங்களின் எண்ணிக்கையில் இல்லை; துறைமுகம் மீண்ட கலங்களிலும், வீடு திரும்பிய மாலுமிகளிலுமே உள்ளது. கடற்படை வரலாற்றில் அதற்கும் ஓர் ஏடு நாம் ஒதுக்குதல் வேண்டும்.