சலாபமும் ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கும்

புத்தளம் மாவட்டத்துச் சிலாபம் என்ற பெயருக்கு மூலம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முத்துக்குளிப்பைத் தமிழில் ‘சலாபம்’ என்பார்கள். ஊர்ப்பெயர் அதன் வழிவந்ததே என்பது ஒரு சாரார் துணிபு. பெயர் எப்படி வந்ததாயினும், அக்கரையோரம் முத்தோடு தொடர்புடையது என்பதில் ஐயமில்லை. 1803இல் சிலாபத்தில் குளிப்பு நடந்தது. வடக்கே, காரைதீவுக்கு அப்பாலுள்ள முத்துவரட்டுப் பார் பிரித்தானிய ஆவணங்களில் அடிக்கடி பேசப்படுவது.

முத்து என்றதும் நமக்கு அரசர்களும் ஆபரணங்களுமே நினைவுக்கு வருவர். என் கவனத்தை ஈர்த்ததோ, ஆட்களை மாற்றி மாற்றி இறக்கிய ஒழுங்கு.

பெப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாயிருக்கும். அந்தச் சில வாரங்களுக்குள் குளிப்பு முடிந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வள்ளங்களைச் சிவப்பு, நீலம் என்று இரு பிரிவாக்கி, ஒரு நாள் ஒரு பிரிவும் மறுநாள் மற்றதுமாக அனுப்பினர். வள்ளமொன்றில் 23 பேர் வரை இருப்பர்: குளியாட்கள் 10, கயிறு பிடிப்போர் 10, மீதி மூவர் தண்டல், சம்மாட்டியின் ஆள், நீர் இறைப்பவன். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்டு விடியற்காலையில் பாரை அடைவர். பீரங்கி ஒலித்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலையொட்டி மீண்டும் ஒலித்ததும் நிற்கும். கடற்காற்றில் கரை திரும்புவர்.

பத்துப் பேரும் ஒருசேர இறங்குவதில்லை. கல் ஐந்து, கல்லுக்கு இருவர். ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர். ஏறத்தாழ 18 கிலோ எடையுள்ள கல்லில் கால் வைத்து இறங்குபவர், ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகச் சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வருவார். வேலையும் நிற்காது, மூச்சும் மீளும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் ‘கடற்கட்டி’ இல்லாமல் பலர் நீரில் இறங்க மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவிலுள்ள வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பனிக்கட்டி ஹொக்கியிலும் காவலரை விட்டால் களத்தில் ஐவர். ஒரு நிமிடம் ஆவதற்குள் அடுத்த ஐவர் இறங்குகிறார்கள். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியேறினால் அந்த நேரத்துக்கென்றே தனி ஐவர். கற்பனை அணி அமைத்து விளையாடும் இளைஞர்களும் யாரை எப்போது இறக்குவது என்றே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வேறுபாடு ஒன்றுதான். அங்கே கணக்குத் தவறினால் புள்ளி போகும். இங்கே உயிர் போகும்.

பங்கீடும் நுட்பமானது. கரையில் ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் குளியாட்கள் தங்கள் சிப்பிகளை மூன்று சம குவியல்களாக்க வேண்டும். எவ்விரண்டு அரசுக்கு என்பதை அதிகாரி பிறகே சொல்வார். எது தமக்கு எஞ்சும் என்று தெரியாததால் எவரும் ஒரு குவியலைப் பெருக்கிவைக்க முடியாது. பிரிப்பு நேர்மையானதுதான். ஆனால், மூச்சடக்கி எடுத்தவருக்கு மூன்றிலொரு பங்கு, கரையில் நின்ற அரசுக்கு இரண்டு பங்கு என்ற விகிதம் நேர்மையானதா? அந்த ஒரு பங்கிலும் வள்ளத்துக்கும் கயிறு பிடித்தவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

1905இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி வளம் குன்றியது. 1912க்குள் கம்பனி வீழ்ந்தது. 1925க்குப் பின் இலங்கையில் பெருங்குளிப்பு நடக்கவில்லை.

ஆளுக்கு ஓய்வு வேண்டும் என்று அறிந்து ஐந்துக்கு ஐந்து வகுத்தார்கள். ஆண்டொன்றில் வாரிக்கொண்ட பாருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை வருமானக் கணக்கு மறந்துவிட்டது. மனிதனுக்கு வகுத்த முறையைக் கடலுக்கும் வகுத்திருந்தால், சலாபம் என்ற சொல் அகராதிக்குள் ஒடுங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.