சூரைக்கு எத்தனை பேரு

பொங்கல் லீவுக்குச் சென்னையில இருந்து வந்திருந்த தம்பி மகன், ஓடைக்கரையில நின்னுக்கிட்டு, "பெரியப்பா, இது பிளாக்பெர்ரியா?"ன்னு கேட்டான். கை நிறைய சின்னச் சின்னக் கறுப்புப் பழம். சட்டையை முள்ளு கிழிச்சிருந்தது.

"இல்லலே, சூரைப்பழம்"னேன்.

பிளாக்பெர்ரி ரோஜா குடும்பம். சூரை நம்ம இலந்தைக்குச் சொந்தம். படர்ந்து போய் பக்கத்து மரத்துல ஏறும். முள்ளு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். உள்ளே விட்ட கை சும்மா வெளியே வராது. பழம் புளிப்பும் இனிப்புமா இருக்கும்.

செங்கோட்டை தாண்டிப் போனா மலையாளத்தில் இதுக்குத் துடலின்னு பேரு. சிங்களத்தில் ஹீன் எரமினியா. இங்கிலீஷ்ல ஜாக்கல் ஜுஜுபி, அதாவது நரி இலந்தை.

இதோட லத்தீன் பேருக்கு ஒரு கதை உண்டு. 1672-ல் பால் ஹெர்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் டச்சுக் கம்பெனி வேலையா இலங்கைக்கு வந்தார். அங்கே இருந்த செடிகளைப் பறிச்சு, காயவெச்சு, தாள்ல ஒட்டிச் சேர்த்தார். ஊர் ஜனங்க சொன்ன பேரையும் எழுதி வெச்சார். அவர் செத்து அம்பது வருஷம் கழிச்சு அந்தக் கட்டு சுவீடன்ல லின்னேயஸ் கைக்குப் போச்சு. அதை வெச்சு அவர் 1747-ல் இலங்கைச் செடிகளைப் பத்திப் புத்தகம் போட்டார். 1753-ல் சூரைக்கு லத்தீன்ல பேர் வெச்சார். 1768-ல் பிலிப் மில்லர் அதை இலந்தை இருக்கிற சிசிபஸ் இனத்துக்கு மாத்தினார். ஹெர்மனோட செடிக்கட்டு இன்னைக்கும் லண்டன் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு.

இங்கே எப்படி? இருநூறு வருஷத்துக்கு முந்தி கம்பெனிக்காரங்க குற்றாலத்துல சாதிக்காய், கிராம்புன்னு தோட்டம் போட்டாங்க. இன்னைக்கும் சீசனுக்கு வர்றவங்க மங்குஸ்தானும் ரம்புட்டானும் கேட்டு வாங்குறாங்க. சூரையை யாரும் கேக்கறதில்லை. அதுக்கு விலை கிடையாது. ஆனா வேலை இருந்துச்சு.

எங்க அப்பா காலத்துல வயலைச் சுத்தி சூரை வேலிதான். ஆடு மாடு உள்ளே நுழையாது. எட்டு வருஷத்துக்கு முந்தி நானேதான் ஜேசிபி வெச்சு அத்தனையும் பிடுங்கிட்டுக் கம்பிவேலி போட்டேன். கம்பி இப்போ துருப்பிடிச்சுக் கெடக்கு. வேலியில கூடு கட்டின குருவியும் வரல. ஓடைக்கரையில இருக்கிற அந்த ஒரு புதர்தான் மிச்சம்.

பய பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையைத் துப்பப் போனான். "துப்பாதலே, இங்க கொண்டா"ன்னு கையை நீட்டினேன். பேப்பர்ல மடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த மழைக்கு வடக்கு வரப்புல ஊனிப் பார்க்கணும்.