தோடிக்கு மூன்று நிமிடம்

ஆர்ச்வே வீதியில் இருக்கும் ஹைகேட் முருகன் கோயிலில் ஒரு நாதஸ்வர ஆலாபனையைப் பதிவு செய்தேன். வீட்டில் மென்பொருள் கேட்டது: நிமிடத்துக்கு எத்தனை பீட்? ஆலாபனைக்கு ஏது தாளம்!

1902இல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு தொடங்கிய காலம் முதலே இந்த இழுபறி உண்டு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். மணிக்கணக்காகத் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அந்தத் தட்டுகளிலும் தோடி வாசித்தார். கேட்டுப்பாருங்கள், சுருக்கம் தெரியும், அவசரம் தெரியாது. கடிகாரம் அவருக்கு எங்கே முடிப்பது என்று மட்டுமே சொன்னது. நடை அவருடைய மூச்சில் இருந்தது. என் மென்பொருளோ (இலவசப் பிரதிதான்) நடையையே கேட்கிறது.

தாளக்கோடுகளை மறைத்துவிட்டேன். கீர்த்தனை தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு குறி போட்டிருக்கிறேன்.