கூடெல்கா: ஆடியவர்கள் ஏன் இன்னும் சண்டை போடுகிறார்கள்?

ஒரு கேமை ஆடிய எல்லாரும் ஒரே குரலில் "சூப்பர்" என்றோ "மொக்கை" என்றோ சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும். சில கேம்கள் அப்படி முடிவதில்லை. பிடித்தவர் சொல்வதும் சரியாக இருக்கும், பிடிக்காதவர் சொல்வதும் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றுதான் 'கூடெல்கா'. 1999 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளியானது. நான்கு சிடிக்கள். பேய்க் கதை, அதே சமயம் ஆர்.பி.ஜி. எனப்படும் ரோல் பிளேயிங் கேம். இருபத்தைந்து வருடம் தாண்டியும் இதைப் பற்றி ஆடியவர்களிடம் ஒத்த கருத்து இல்லை. ஏன் இல்லை என்று தேடிப் போனால், அந்த கேம் உருவான அலுவலகத்துக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது.

பேயும் லெவலும்

முதலில் ஓர் அடிப்படைச் சிக்கல். பயம் என்பது பலவீனத்திலிருந்து வருவது. கையில் ஒன்றும் இல்லாதவன்தான் இருட்டைப் பார்த்து நடுங்குவான். ஆனால் ஆர்.பி.ஜி.யின் இன்பமே அதற்கு நேர் எதிர். எதிரியை அடிக்க அடிக்க அனுபவப் புள்ளி கூடும், லெவல் ஏறும், நம் ஆள் பலசாலி ஆகிக்கொண்டே போவான். பலசாலிக்கு என்ன பயம்? இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுச் சமைப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஜப்பானியர்கள் இதைப் பலமுறை முயன்று பார்த்தார்கள். 1989-இல் காப்காம் நிறுவனம் பேமிகாமுக்காக 'ஸ்வீட் ஹோம்' என்ற கேமை வெளியிட்டது. அதே வருடம் கியோஷி குரோசாவா இயக்கத்தில் வந்த அதே பெயருடைய திரைப்படத்தைத் தழுவியது. ஐந்து பேர் ஒரு பேய் மாளிகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பயத்தைக் காப்பாற்ற ஒரு கடுமையான விதி இருந்தது: ஒருவர் செத்தால் செத்ததுதான், திரும்பி வர மாட்டார். ஆகவே லெவல் ஏறினாலும் உள்ளுக்குள் உதறல் இருந்துகொண்டே இருந்தது. இந்த கேமைப் புதிதாகச் செய்யப் போய்த்தான் 1996-இல் 'ரெசிடென்ட் ஈவில்' பிறந்தது. ஆனால் அதில் லெவலும் இல்லை, முறை வைத்துச் சண்டை போடுவதும் இல்லை. ஓட்டமும் துப்பாக்கியும்தான். பேய் கேம் ஒரு பக்கம் போனது, ஆர்.பி.ஜி. இன்னொரு பக்கம் போனது.

1997 ஜனவரியில் ஸ்கொயர் நிறுவனத்தின் 'பைனல் பேன்டசி 7' வெளிவந்து உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது. பிளேஸ்டேஷன் என்றாலே ஆர்.பி.ஜி. என்று ஆன காலம் அது. அடுத்த வருடம் அதே ஸ்கொயர், ஹிதேயாகி சேனாவின் நாவலை வைத்து 'பாரசைட் ஈவ்' செய்தது. நியூயார்க் நகரில் நடக்கும் திகில் கதை. பிரிந்துபோன இரண்டு பாதைகளும் மறுபடி கிட்ட வந்துகொண்டிருந்தன.

ஓர் இசையமைப்பாளரின் ஆசை

ஹிரோகி கிகுதா ஸ்கொயரில் இசையமைப்பாளராக இருந்தவர். 1993-இல் வந்த 'சீக்ரெட் ஆப் மானா'வின் இசை இன்றும் அவர் பெயரைச் சொல்லும். படித்தது மதம், தத்துவம், மானுடவியல். இசைக்கு வரும் முன் மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதை வரைந்தவர். அவருக்கு இசை மட்டும் போதவில்லை, முழு கேமையும் தானே செய்ய வேண்டும் என்ற ஆசை. ஸ்கொயரை விட்டு வெளியேறி, எஸ்.என்.கே. நிறுவனத்தின் பண உதவியோடு 1997-இல் 'சாக்னோத்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். தலைவர் அவர்தான். முதல் படைப்பான கூடெல்காவின் கதை, இயக்கம், இசை என எல்லாமும் அவர் கையில்தான் இருந்தது.

அவர் மனதில் இருந்தது ரெசிடென்ட் ஈவில் பாணியில், நேரடியாக ஓடி ஆடிச் சண்டை போடும் ஒரு பேய் கேம். ஆனால் அவரோடு வந்து சேர்ந்த ஆட்களில் பலர் ஸ்கொயரிலிருந்து வந்தவர்கள். பைனல் பேன்டசி மாதிரி, முறை வைத்துச் சண்டை போடும் ஆர்.பி.ஜி.தான் அவர்களுக்குப் பழக்கம், அதைத்தான் செய்ய விரும்பினார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரு சமரசம். நடந்து திரியும்போது ரெசிடென்ட் ஈவில் மாதிரி. சண்டை என்று வந்தால் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட தரையில் முறை வைத்து ஆட்டம். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு!

கதை என்ன?

1898 அக்டோபர் 31. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், அபெரிஸ்ட்வித் ஊருக்கு அருகே 'நெமெட்டன்' என்ற பாழடைந்த மடாலயம். ஊர் நிஜம், மடாலயம் கற்பனை. நெமெட்டன் என்பது பழைய கெல்டிக் மக்களின் சொல். மரங்கள் சூழ்ந்த புனித இடத்துக்குப் பெயர், நம் ஊர் கோயில்காடு மாதிரி. அந்த மடாலயம் பிற்காலத்தில் சிறையாகவும் கொலைக்களமாகவும் இருந்ததாகக் கதை.

அதற்குள் மூன்று பேர் வந்து சேர்கிறார்கள். ஆவிகளோடு பேசும் சக்தி படைத்த நாடோடிப் பெண் கூடெல்கா. சாகசம் தேடி அலையும் இளைஞன் எட்வர்ட் பிளங்கெட். கத்தோலிக்க பிஷப் ஜேம்ஸ். எட்வர்ட் பிளங்கெட் என்பது 1878-இல் பிறந்த டன்சேனி பிரபு என்ற நிஜ எழுத்தாளரின் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியான ரோஜர் பேக்கனும் கதைக்குள் வருகிறார். இப்படி வரலாற்றையும் கற்பனையையும் பின்னியிருப்பது இந்த கேமின் தனி ருசி.

இந்த மூவரும் வழக்கமான ஆர்.பி.ஜி. நண்பர்கள் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு திரிவதில்லை. பிஷப்புக்குக் கூடெல்கா ஒரு சூனியக்காரி. எட்வர்டுக்கு பிஷப்பின் மதமே கேலிப்பொருள். வழியெல்லாம் வாக்குவாதம். மடாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான தம்பதி சாப்பாடு போடுகிறார்கள், அதில் விஷம். இத்தனைக்கும் அடியில் எலைன் என்ற பெண். செத்துப்போன அவளை எப்படியாவது உயிரோடு கொண்டுவர வேண்டும் என்று அவள் கணவன் தடைசெய்யப்பட்ட ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு செய்த காரியம்தான் எல்லாப் பாவத்துக்கும் மூலம். அவளை முன்பு காதலித்தவர்தான் இந்த பிஷப்.

அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகவே இருக்காது. அநியாயமாகச் செத்தவர்களை, கன்னியாகவே இறந்துபோன பெண்களை அப்படியே விட்டுவிடக் கூடாது, ஒரு கல்லாவது நட்டுக் கும்பிட வேண்டும் என்பது தென்மாவட்டங்களின் பழைய நம்பிக்கை. பல குலசாமிகளின் கதையைத் தோண்டினால் அடியில் ஓர் அநியாயச் சாவு இருக்கும். கூடெல்காவின் ஆவிகளும் அந்த ரகம்தான். அவை பயமுறுத்த வந்தவை அல்ல, கேட்பாரற்றுப் போனவை.

ஆடியவர்கள் சொல்வது

பிடிக்காதவர்கள் சொல்லும் குறைகள் அநேகமாக எல்லாம் சண்டையைப் பற்றியவை. இருட்டு வழியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது திடீரென்று எதிரி முளைக்கும். திரை மாறும், சிடி சுற்றும், காத்திருக்க வேண்டும். பிறகு கட்டத்தில் மெதுவாக ஓர் அடி, இரண்டு அடி. ஓர் அடி அடிப்பதற்குள் அசைவெல்லாம் முடிய வேண்டும். சண்டை முடிந்து திரும்பி வந்தால், எங்கே விட்டோம், எதற்குப் பயந்தோம் என்பதே மறந்துவிடும். போதாததற்கு ஆயுதங்கள் உடைந்து போகும். எப்போது உடையும் என்று முன்கூட்டித் தெரியாது. நல்ல கத்தி ஒன்று கிடைத்தால் அதைப் பயன்படுத்தவே மனம் வராது. கடை கிடையாது, புதிதாக வாங்கவும் முடியாது. முதல் சிடியோடு மூடி வைத்தவர்கள் உண்டு.

பிடித்தவர்கள் இதை மறுப்பதில்லை. "ஆமாம், சண்டை இழுவைதான்" என்று ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பிறகு அவர்கள் சொல்வது வேறு. மடாலயத்தில் நடக்கும்போது பின்னணி இசையே கிடையாது. காலடிச் சத்தம், காற்று, அவ்வளவுதான். பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் தன் சொந்த கேமில் இசையை நிறுத்திவைத்தது சாதாரண விஷயமில்லை. நடிப்பைப் பற்றியும் சொல்வார்கள். ஆங்கிலக் குரல் என்றாலே சிரிப்பு வரும்படி இருந்த அந்தக் காலத்தில், கூடெல்காவின் குரல் நடிப்பு மேடை நாடகம் மாதிரி இருந்தது.

ஆயுதம் உடையும் விஷயத்தில்தான் இரு தரப்பும் நேருக்கு நேர் மோதும். ஒருவருக்கு அது எரிச்சல். இன்னொருவருக்கு அதுதான் பயம். யோசித்துப் பார்த்தால், 'ஸ்வீட் ஹோம்' மரணத்தை வைத்துச் செய்ததை இங்கே ஆயுதத்தை வைத்துச் செய்யப் பார்த்திருக்கிறார்கள்: கையில் இருப்பது நிலையில்லை என்ற உணர்வு. ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும் எதிரிகள் அந்த உணர்வைக் கெடுத்துவிட்டார்கள். லெவல் ஏறிக்கொண்டே இருக்கும். மந்திரத்தை வளர்த்துக்கொண்டால் ஆயுதம் உடைந்தாலும் கவலையில்லை. பயம் மெல்ல மெல்லக் கழன்று, சலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, ஆடியவர்களின் சண்டை புதிதல்ல. சாக்னோத் அலுவலகத்தில் 1998-99 வாக்கில் நடந்த அதே சண்டைதான். "இது பேய் கேம், சண்டை முறையை மாற்றியிருக்க வேண்டும்" என்பவர் கிகுதாவின் கட்சி. "இது ஆர்.பி.ஜி., சண்டையை இன்னும் நன்றாகச் செய்திருக்க வேண்டும்" என்பவர் மற்றவர்களின் கட்சி.

பிறகு என்ன ஆனது?

2000-இல் இன்போகிராம்ஸ் மூலம் அமெரிக்காவில் கூடெல்கா வெளியானபோது விமர்சனங்களும் இரண்டுபட்டே இருந்தன. காட்சிகளுக்குப் பாராட்டு, சண்டைக்குத் திட்டு. கிகுதா தான் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே விலகிவிட்டார், மறுபடி இசைக்குத் திரும்பினார். எஸ்.என்.கே.வும் அரூஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

சாக்னோத்தில் மிஞ்சியவர்கள், மாட்சுசோ மச்சிதாவின் இயக்கத்தில் 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக 'ஷேடோ ஹார்ட்ஸ்' செய்தார்கள். கதை 1913-இல் நடக்கிறது. கூடெல்காவின் மகன் அதில் ஒரு முக்கியப் பாத்திரம், கூடெல்காவும் வருகிறாள். சண்டை அதே முறை வைத்துத்தான். ஆனால் சுழலும் ஒரு வளையத்தில் சரியான நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒரு சின்ன மாற்றம். அந்த ஒரு மாற்றத்தில் சலிப்பு ஓடிப்போனது. தொடர்ச்சியாக இன்னும் இரண்டு கேம்கள் வந்தன. முறை வைத்த சண்டையை விறுவிறுப்பாகச் செய்ய முடியும் என்று அவர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

ஆனால் தொடர் வளர வளர நகைச்சுவை கூடியது, பேய் குறைந்தது. மூன்றாவதில் கூடெல்காவின் இருட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சண்டைப் பிரச்சினை தீர்ந்தது, அந்த மடாலயத்தின் மௌனம் போனது. ஒரு கட்சி ஜெயித்ததால் இன்னொரு கட்சி சொன்னது தப்பு என்று ஆகிவிடவில்லை.

கூடெல்காவில் சார்லட் என்று ஒரு சிறுமியின் ஆவி வரும். இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சோபியா டொரோதியாவின் மகள் என்று கேம் சொல்கிறது. அந்தப் பெண்ணைக் கணவன் 1694-இலிருந்து சாகும்வரை ஒரு கோட்டையில் அடைத்து வைத்தது நிஜ வரலாறு. மகள் மட்டும் கற்பனை. மடாலயத்துச் சிறையிலேயே வளர்ந்து, சிறு வயதிலேயே கொல்லப்பட்ட அவளுக்கு ஒரே ஒரு கோபம்: தன்னை யாருமே நேசிக்கவில்லை என்பது. அவளைச் சண்டை போட்டு அடக்க முடிகிறது, ஆனால் ஆற்ற முடிவதில்லை. அவளிடம் வந்து சேராமலே போன தாயின் கடிதங்கள் கிடைத்த பிறகுதான் அவள் அமைதி அடைகிறாள்.

சண்டையைத் திட்டுகிறவர்களும் சார்லட்டைத் திட்டுவதில்லை. அந்த இடத்தில் லெவலும் உதவாது, ஆயுதமும் உதவாது. கடிதத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவளிடம் பொறுமையாகப் பேச வேண்டும். கிகுதா கட்சி, மற்றவர் கட்சி என்று இல்லாமல் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். இனிமேல் புதிதாக ஆடப்போகிறவர்கள் மந்திரத்தை முதலிலிருந்தே வளர்த்துக்கொண்டு, சண்டைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து, அந்த இடம் வரைக்குமாவது போய்ப் பார்ப்பது நல்லது.